ரவுட்டர் எப்படி வழி காண்கிறது: ரவுட்டிங் அட்டவணையைப் படித்தறிய ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் கணினி வலையமைப்புத் துறைக்குள் புதிதாக நுழைபவர்கள், பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்து வந்தவர்களாயினும் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த இளம் பொறியாளர்களாயினும், வெகு விரைவில் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: "இந்தக் கணினியிலிருந்து அந்த சர்வரை எட்ட முடியவில்லையே, ஏன்?" உடனே கேபிளைக் கழற்றி மாட்டுவதும், ரவுட்டரை அணைத்துப் போடுவதும் நடக்கும். ஆனால் பல வேளைகளில் விடை அந்த ரவுட்டருக்குள்ளேயே, வரி வரியாக எழுதப்பட்ட ஓர் அட்டவணையில் இருக்கிறது. அதைப் படிக்கப் பழகுவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். எதையும் மாற்றுவதற்கு முன் அட்டவணையைப் படிக்க வேண்டும் என்பதே நான் புதியவர்களிடம் முதலில் வலியுறுத்துவது.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். இணையத்தில் அனுப்பப்படும் தகவல் சிறு சிறு பாக்கெட்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பகுதியிலும் அனுப்பியவரின் ஐபி முகவரியும் பெறுபவரின் ஐபி முகவரியும் இருக்கும். இந்த அமைப்பை வரையறுத்த ஆவணம், ஆர்எஃப்சி 791, 1981 செப்டம்பரில் வெளிவந்தது. நாம் இன்றும் பயன்படுத்தும் 32 பிட் (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம்) முகவரிகள் அதன்படி அமைந்தவையே. ரவுட்டர் வழக்கமாகப் பெறுபவரின் முகவரியை மட்டும் பார்த்து, பாக்கெட்டை எந்த வாயில் வழியாக, அடுத்து எந்த ரவுட்டரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்கிறது. முழு வழியும் எந்த ரவுட்டருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. ஒவ்வொன்றும் தன் அடுத்த அடியை மட்டும் தானே தீர்மானிக்கிறது. இதை மனத்தில் நிறுத்திக்கொள்பவருக்குப் பின்னால் வரும் அனைத்தும் எளிதாகும்.

முதல் படி: உங்கள் கணினியின் அட்டவணையைத் திறந்து பாருங்கள்

ரவுட்டிங் அட்டவணை ரவுட்டரில் மட்டும் இருப்பதன்று. உங்கள் மடிக்கணினியிலும் ஒன்று உண்டு. விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து "ரூட் பிரிண்ட்" என்றும், லினக்ஸில் "ஐபி ரூட்" என்றும், மேக் கணினியில் "நெட்ஸ்டாட் -ஆர்என்" என்றும் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்தால் அது திரையில் தோன்றும். பார்ப்பதால் எதுவும் கெடாது, தயங்காமல் பாருங்கள்.

விண்டோஸில் ஐந்து பத்திகள் தெரியும். முதலில் இலக்கு வலையின் முகவரி, அடுத்து முகவரியில் எந்தப் பகுதி வலையைக் குறிக்கிறது என்று காட்டும் மாஸ்க், அதற்கடுத்து கேட்வே, பின்னர் பாக்கெட் வெளியேறும் வாயிலாகிய இன்டர்ஃபேஸ், கடைசியில் வழியின் செலவைக் காட்டும் எண்ணாகிய மெட்ரிக். இவற்றுள் கேட்வே என்பது பாக்கெட்டை அடுத்து யாரிடம் தர வேண்டும் என்பதைச் சொல்கிறது. அந்த இடத்தில் "ஆன்-லிங்க்" என்று இருந்தால், இலக்கு அதே வலையில்தான் இருக்கிறது, இடையில் யாரிடமும் தர வேண்டியதில்லை என்று பொருள். முதல் வரியில் இலக்கும் மாஸ்க்கும் 0.0.0.0 என்றே இருப்பதைக் காண்பீர்கள். வேறு எந்த வரியும் பொருந்தாத பாக்கெட்டுகளுக்கான வழி அது. அதைத்தான் டிஃபால்ட் ரூட் என்கிறோம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் இருக்கும் ஒரு சாதாரண ரவுட்டருக்கு உள்வலைக்கு ஒரு வரி, இணையச் சேவை நிறுவனத்தை நோக்கிய இணைப்புக்கு ஒரு வரி, இந்த டிஃபால்ட் வரி ஆகியவை இருந்தாலே பெரும்பாலும் போதுமானது. 127, 224 என்று தொடங்கும் வரிகளை இப்போதைக்குக் கடந்து செல்லலாம்.

இரண்டாம் படி: முகவரியைப் பிட்டுகளாகப் பாருங்கள்

இந்தப் படியைப் பலர் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். பிற்பாடு வரும் குழப்பங்களில் பாதி இங்கிருந்தே பிறக்கிறது. சிங்கப்பூரின் 6 இலக்க அஞ்சல் குறியீட்டை எண்ணிப் பாருங்கள். முதல் 2 இலக்கங்கள் வட்டாரத்தையும் எஞ்சியவை அந்த வட்டாரத்துக்குள் குறிப்பிட்ட கட்டடத்தையும் காட்டுகின்றன. தொலைவில் இருப்பவர் முதல் 2 இலக்கங்களை மட்டும் பார்த்தாலே கடிதத்தைச் சரியான திசையில் அனுப்பிவிடலாம். ஐபி முகவரியிலும் முன்பகுதி வலையையும் பின்பகுதி அந்த வலைக்குள் உள்ள சாதனத்தையும் குறிக்கின்றன. வேறுபாடு ஒன்றுதான்: எத்தனை பிட் முன்பகுதி என்பது நிலையானதன்று. அதைச் சொல்வதற்கே முகவரிக்குப் பின்னால் /24, /16, /26 என்ற குறி இடப்படுகிறது.

எடுத்துக்காட்டாக 203.0.113.77/26 என்ற முகவரியை எடுத்துக்கொள்வோம். 203.0.113 என்று தொடங்கும் முகவரிகள் பாடங்களிலும் ஆவணங்களிலும் பயன்படுத்துவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை என்பதால் அச்சமின்றிப் பயன்படுத்தலாம். முதல் மூன்று எண்களும் சேர்ந்து 24 பிட்டுகள். எஞ்சிய 2 பிட்டுகளை நான்காம் எண்ணிலிருந்து எடுக்க வேண்டும். 77 என்பதை இருமத்தில் எழுதினால் 01001101. அதன் முதல் 2 பிட்டுகளாகிய 01 என்பதை வைத்துக்கொண்டு மற்ற ஆறையும் சுழியமாக்கினால் 01000000, அதாவது 64. எனவே இந்த முகவரி 203.0.113.64/26 என்ற வலையைச் சேர்ந்தது. அந்த வலை 64 முதல் 127 வரை நீள்கிறது. ரவுட்டர் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இதே ஒப்பீட்டைத்தான் செய்கிறது. ஒரு தாளை எடுத்து இதுபோன்ற பத்துக் கணக்குகளைக் கையால் போட்டுப் பாருங்கள். கணிப்பானை நாடாமல் செய்வது மிகவும் முக்கியம், ஏனெனில் கோளாறு நேரும்போது கண் தானாகவே எல்லைகளை அடையாளம் காண வேண்டும்.

மூன்றாம் படி: நீளமான பொருத்தமே வெல்லும்

இப்போது ஒரு முழு அட்டவணையைப் படிப்போம். சிராங்கூன் சாலையில் தலைமை அலுவலகமும், ஜூரோங்கில் ஒரு கிளையும், துவாஸில் ஒரு கிடங்கும் உள்ள மசாலாப் பொருள் நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தலைமை அலுவலக ரவுட்டரின் அட்டவணை இப்படி இருக்கிறது:

192.168.10.0/24 — நேரடி இணைப்பு, அலுவலக உள்வலை
192.168.99.0/30 — நேரடி இணைப்பு, ஜூரோங் நோக்கிய தனி இணைப்பு
192.168.98.0/30 — நேரடி இணைப்பு, துவாஸ் நோக்கிய தனி இணைப்பு
203.0.113.64/26 — நேரடி இணைப்பு, இணையச் சேவை நிறுவனம்
10.8.0.0/16 — கேட்வே 192.168.99.2, ஜூரோங்
10.8.5.0/24 — கேட்வே 192.168.98.2, துவாஸ்
0.0.0.0/0 — கேட்வே 203.0.113.65, இணையம்

உள்வலையிலிருந்து 10.8.6.20 என்ற முகவரிக்கு ஒரு பாக்கெட் வருகிறது. அது 10.8.0.0/16 வரியுடனும் பொருந்துகிறது, கடைசி வரியுடனும் பொருந்துகிறது, ஏனெனில் /0 என்பது எல்லா முகவரிகளுடனும் பொருந்தும். இவற்றுள் 16 பிட் பொருத்தமே நீளமானது. எனவே பாக்கெட் ஜூரோங்குக்குப் போகும். 10.8.5.20 என்ற முகவரிக்கு வருவதோ மூன்று வரிகளுடன் பொருந்துகிறது. அவற்றுள் 24 பிட் பொருத்தமே மிக நீளமானது என்பதால் அது துவாஸுக்குப் போகும். 198.51.100.9 என்ற முகவரிக்கு வேறு எந்த வரியும் பொருந்தாததால் அது இணையத்துக்குப் போகும். வரிகள் எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதற்கு இங்கே எந்த மதிப்பும் இல்லை. ஃபயர்வால் விதிகளை மேலிருந்து கீழாகப் படித்துப் பழகியவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவது இயல்பு. ரவுட்டிங் அட்டவணையில் முதலில் வருவது வெல்வதில்லை, நீளமாகப் பொருந்துவதே வெல்கிறது.

இந்த ஒரு விதியின் வலிமையை உலகம் 2008 பிப்ரவரி 24 அன்று கண்டது. யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுப்பதற்காகப் பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம் 208.65.153.0/24 என்ற வழியை அறிவித்தது. அந்த அறிவிப்பு, மேல்நிலை இணைப்பு தந்த நிறுவனத்தின் வழியே நாட்டுக்கு வெளியிலும் கசிந்தது. யூடியூப் அதுவரை அறிவித்திருந்தது 208.65.152.0/22. உலகெங்கும் உள்ள ரவுட்டர்கள் 22 பிட்டைவிட 24 பிட் நீளமானது என்று கண்டு, யூடியூபுக்கான பாக்கெட்டுகளைப் பாகிஸ்தானை நோக்கித் திருப்பின. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அந்தத் தளம் உலகின் பல பகுதிகளில் கிடைக்கவில்லை. அந்த ரவுட்டர்கள் பழுதடையவில்லை. விதியைச் சரியாகவே பின்பற்றின. பிழை, சரிபார்க்காமல் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு வரியில் இருந்தது.

இதே விதியை விபிஎன் (பொது இணையத்தின் வழியே தனி வலையில் இணைக்கும்) மென்பொருள்கள் நல்ல நோக்கத்துக்குப் பயன்படுத்துகின்றன. அவற்றுட் சில, உங்கள் டிஃபால்ட் ரூட்டை அழிக்காமல், 0.0.0.0/1 என்றும் 128.0.0.0/1 என்றும் இரண்டு வரிகளைச் சேர்க்கின்றன. இரண்டும் சேர்ந்து எல்லா முகவரிகளையும் தழுவுகின்றன. /0 என்பதைவிட ஒரு பிட் நீளமாக இருப்பதால் வெல்கின்றன. விபிஎன் துண்டிக்கப்பட்டதும் அவை நீங்கி, பழைய வழி தானே உயிர்பெறுகிறது. அடுத்த முறை அலுவலக விபிஎன்னில் இணையும்போது, இணைவதற்கு முன்பும் பின்பும் அட்டவணையைப் பார்த்து ஒப்பிடுங்கள். அலுவலக வலையும் உங்கள் வீட்டு வலையும் 192.168.1.0/24 என்று ஒரே எண்ணில் இருந்தால் ஏன் அலுவலக சர்வர் கிடைக்காமல் போகிறது என்பதும் அப்போது விளங்கிவிடும். புதிதாக ஒரு வலையை அமைக்கும்போது அந்தப் பொதுவான எண்ணைத் தவிர்த்துவிடுவது நல்லது.

நான்காம் படி: சமமான வரிகளுக்கிடையே தேர்வு

ஒரே இலக்கு, ஒரே நீளம், ஆனால் இரண்டு வழிகள் இருந்தால் என்ன செய்வது? வழியைக் கற்றுத்தந்தது யார் என்பதை ரவுட்டர் முதலில் பார்க்கிறது. சிஸ்கோ ரவுட்டர்களில் இதற்கு அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் என்று பெயர். நேரடி இணைப்புக்கு 0, கையால் எழுதிய வழிக்கு 1, ரவுட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை சொன்னதற்கு 110, அதே வேலைக்கான ஆர்ஐபி நெறிமுறை சொன்னதற்கு 120. குறைந்த எண்ணே நம்பகமானது. ஒரே நெறிமுறை இரண்டு வழிகளைச் சொன்னால் மெட்ரிக் குறைவானது தேர்வாகும். கேபிளும் வைஃபையும் ஒருசேர இணைக்கப்பட்ட மடிக்கணினியில் இரண்டு டிஃபால்ட் வரிகள் இருப்பதையும், மெட்ரிக் குறைந்த வரியே பயன்படுவதையும் நீங்களே பார்க்கலாம்.

தேர்வு முடிந்த பின் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ரவுட்டர் அடுத்தவரின் மேக் முகவரியை (சாதனத்தின் வலை வன்பொருள் முகவரியை) ஏஆர்பி என்ற நெறிமுறை மூலம் கேட்டறிந்து, பாக்கெட்டை ஃபிரேம் என்ற புதிய உறையில் வைத்து, இன்னும் எத்தனை ரவுட்டர்களைக் கடக்கலாம் என்று காட்டும் டிடிஎல் என்ற எண்ணில் ஒன்றைக் குறைத்து அனுப்புகிறது. மேக் முகவரி ஒவ்வொரு கட்டத்திலும் மாறும். முகவரியை இடையில் மாற்றி எழுதும் என்ஏடி இல்லாதவரை ஐபி முகவரி மாறாது. எந்த வரியும் பொருந்தாவிட்டால் பாக்கெட் கைவிடப்பட்டு, சென்றடைய இயலாது என்ற ஐசிஎம்பி (பிழைகளைத் தெரிவிக்கும் நெறிமுறை) செய்தி அனுப்பியவருக்குத் திரும்பும்.

வரிகள் எங்கிருந்து வருகின்றன

நேரடி இணைப்பின் வரிகள், இன்டர்ஃபேஸுக்கு முகவரி கொடுத்து அது இயங்கத் தொடங்கியதும் தாமாகவே தோன்றும். நாம் கையால் எழுதுபவை நிலை வழிகள். மூன்றாவது வகை, ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிக் கற்றுக்கொள்பவை. ஒரு நிறுவனத்துக்குள் ஓஎஸ்பிஎஃப் பரவலாகப் பயன்படுகிறது. நிறுவனங்களுக்கும் இணையச் சேவை வழங்குநர்களுக்கும் இடையே பிஜிபி. பழைய ஆர்ஐபி 15 தாவல்களுக்கு மேற்பட்ட இலக்கை எட்ட முடியாததாகவே கருதும் என்பதால் சிறிய வலைகளுக்கே ஏற்றது. நம் மசாலா நிறுவனத்தைப் போன்ற மூன்று இடங்களுக்குக் கையால் எழுதுவதே போதும் என்பது என் கருத்து; இடங்கள் பெருகும்போது ஓஎஸ்பிஎஃப் கற்றுக்கொள்ளலாம்.

பிஜிபி பேசும் பெரிய ரவுட்டர்களில் ஐபிவி4 (மேலே கண்ட 32 பிட் முகவரி) வழிகள் மட்டுமே இன்று 9 லட்சத்தைத் தாண்டிவிட்டன. இத்தனை வரிகளையும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தேடுவதற்கு அவற்றில் தனி வகை நினைவகம் உண்டு. அதற்கு ஓர் அளவும் உண்டு. 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக அட்டவணை 512 ஆயிரம் என்ற எல்லையைத் தொட்டபோது, அந்த அளவுக்கே இடம் ஒதுக்கப்பட்டிருந்த பழைய ரவுட்டர்கள் திணறி, பல நாடுகளில் இணையச் சேவை தடுமாறியது.

ஐந்தாம் படி: இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எண்ணுங்கள்

மேற்கண்ட அட்டவணைக்கு இப்போது திரும்புவோம். துவாஸ் இணைப்பு அறுந்துவிட்டது. இன்டர்ஃபேஸ் செயலிழந்ததும் 10.8.5.0/24 வரி அட்டவணையிலிருந்து மறைகிறது. அடுத்த பாக்கெட் 10.8.5.20 நோக்கி வரும்போது, எஞ்சியவற்றுள் நீளமாகப் பொருந்துவது 10.8.0.0/16 வரி. எனவே அது ஜூரோங்குக்குப் போகிறது. ஜூரோங் ரவுட்டருக்கோ துவாஸைப் பற்றி எதுவும் தெரியாது. அதன் டிஃபால்ட் ரூட் தலைமை அலுவலகத்தை நோக்கியே இருக்கிறது. ஆகவே பாக்கெட்டைத் திருப்பி நம்மிடமே அனுப்புகிறது. நாம் மீண்டும் ஜூரோங்குக்கு அனுப்புகிறோம். இதுவே ரவுட்டிங் சுழல். இந்தச் சுழலுக்கு முடிவு தருவது டிடிஎல். விண்டோஸ் கணினி 128 என்ற எண்ணுடன் அனுப்பிய பாக்கெட், அது சுழியமாகும் வரை, ஜூரோங் இணைப்பை நூறு முறைக்கு மேல் கடந்துவிடுகிறது. துவாஸில் நேர்ந்த பழுதுக்காக ஜூரோங்கின் இணைப்பு நிரம்பி வழிகிறது. ஜூரோங் ஊழியர்கள் இணையம் மெதுவாக இருப்பதாகப் புகார் சொல்கிறார்கள். சரிபார்ப்பவர் தவறான இடத்தில் தேடுகிறார்.

இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. தலைமை அலுவலக ரவுட்டரில் 10.8.5.0/24 வலைக்கே இரண்டாவதாக ஒரு நிலை வழியை எழுதுங்கள். அதன் திசை, பாக்கெட்டுகளைக் கைவிடும் "நல்" (null, வெற்று) இன்டர்ஃபேஸாகவும், அதன் டிஸ்டன்ஸ் எண் 250 போன்ற உயர்ந்த எண்ணாகவும் இருக்கட்டும். துவாஸ் இணைப்பு நலமாக இருக்கும்வரை இந்த வரி அட்டவணைக்குள் வராது. இணைப்பு அறுந்ததும் இது அவ்விடத்தை நிரப்பி, பாக்கெட்டை அங்கேயே நிறுத்திவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். இரு ரவுட்டர்களுக்கும் இடையில் ஒரு ஸ்விட்ச் (வலைச் சாதனங்களை ஒன்றிணைக்கும் பெட்டி) இருந்து, பழுது அதற்கு அப்பால் நேர்ந்தால், நம் பக்கத்து இன்டர்ஃபேஸ் உயிருடனேயே இருக்கும். அப்போது நிலை வழியும் மறையாது; பாக்கெட்டுகள் யாரும் இல்லாத திசையில் போய்த் தொலையும். நிலை வழிகளின் உண்மையான குறை இதுவே.

ஆறாம் படி: திரும்பும் வழியையும் சரிபாருங்கள்

பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று சோதிக்கும் கட்டளை) செய்தால் பதில் வரவில்லை என்பதற்கு, பாக்கெட் போகவில்லை என்பது மட்டுமே காரணமன்று. போய்ச் சேர்ந்து, பதில் திரும்ப வழியில்லாமலும் இருக்கலாம். தலைமை அலுவலகத்தின் 192.168.10.37 என்ற கணினி துவாஸை அழைக்கிறது என்றால், துவாஸ் ரவுட்டரில் 192.168.10.0/24 வலைக்குப் பொருந்தும் வரி ஒன்று இருந்தே ஆக வேண்டும். துவாஸில் உள்ள சர்வரின் கேட்வேயும் மாஸ்க்கும் சரியாக இருக்க வேண்டும். அந்த சர்வரில் தவறுதலாக 255.0.0.0 (அதாவது /8) என்று மாஸ்க் இட்டிருந்தால், ஜூரோங்கின் 10.8.6.20 தன் பக்கத்திலேயே இருப்பதாக எண்ணி, ரவுட்டரை நாடாமல் உள்வலையிலேயே கூவிக்கொண்டிருக்கும். தலைமை அலுவலகத்துக்கு மட்டும் ஒழுங்காகப் பதில் தரும். இத்தகைய அரைகுறைக் கோளாறுகள்தாம் நேரத்தை விழுங்குபவை. எனவே எப்போதும் இரு முனைகளின் அட்டவணைகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

வழியைத் தடம்பிடிக்க விண்டோஸில் "டிரேசர்ட்", மற்றவற்றில் "டிரேஸ்ரூட்" என்ற கட்டளை உதவும். அது டிடிஎல் எண்ணை 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டே பாக்கெட்டுகளை அனுப்பி, ஒவ்வொரு ரவுட்டரும் "காலம் முடிந்தது" என்று அனுப்பும் செய்தியிலிருந்து வழியை வரைகிறது. இடையில் நட்சத்திரக் குறிகள் வந்தால் அஞ்ச வேண்டாம். சில ரவுட்டர்கள் அத்தகைய செய்தி அனுப்புவதைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும். இரண்டு முகவரிகள் மாறி மாறி வந்தால் அது சுழல். நேரத்தையும் பாருங்கள். சிங்கப்பூரையும் சென்னையையும் நேரடியாக இணைக்கும் ஐ2ஐ கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர் நீளமானது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், போய்த் திரும்பக் குறைந்தது 32 மில்லி விநாடி ஆகும். சென்னையில் உள்ள ஒரு சர்வருக்கு 200 மில்லி விநாடிக்கு மேல் தொடர்ந்து காட்டினால், போகும் வழியோ திரும்பும் வழியோ எங்கோ சுற்றி வருகிறது என்று ஐயுறலாம்.

பயிற்சிக்கு ஓர் அமைப்பு

அலுவலக ரவுட்டரில் அனுமதியின்றிக் கை வைக்காதீர்கள். அது சட்டச் சிக்கலிலும் கொண்டுபோய் விடக்கூடும். சிஸ்கோ பாக்கெட் டிரேசர், ஜிஎன்எஸ்3 ஆகிய மென்பொருள்கள் கற்பவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றில் மூன்று ரவுட்டர்களை இட்டு, மேலே தந்த முகவரிகளை அப்படியே கொடுங்கள். ஜூரோங், துவாஸ் ரவுட்டர்களுக்குத் தலைமை அலுவலகத்தை நோக்கிய டிஃபால்ட் ரூட் மட்டும் போதும். எல்லாம் ஒன்றையொன்று எட்டுகின்றன என்று உறுதிசெய்த பின், துவாஸ் இன்டர்ஃபேஸை அணைத்துவிட்டு, தலைமை அலுவலகக் கணினியிலிருந்து 10.8.5.20 முகவரிக்குத் தடம்பிடியுங்கள். தலைமை அலுவலகத்தின் முகவரியும் ஜூரோங்கின் முகவரியும் மாறி மாறித் திரையை நிரப்பும். அதன்பின் நல் இன்டர்ஃபேஸ் வரியை 250 என்ற எண்ணுடன் சேர்த்து, மீண்டும் தடம்பிடியுங்கள். இம்முறை முதல் ரவுட்டரிலேயே பயணம் நின்றுவிடும். அட்டவணையைத் திறந்தால் 10.8.5.0/24 வரிக்கு நேரே நல் இன்டர்ஃபேஸின் பெயர் இருக்கும். துவாஸ் இன்டர்ஃபேஸை மறுபடி இயக்கியதும் அந்த வரி மறைந்து, 192.168.98.2 என்ற கேட்வே அதன் இடத்துக்குத் திரும்புவதையும் பார்த்துவிட்டு, அடுத்ததாக இதே அமைப்பில் நிலை வழிகளை நீக்கி ஓஎஸ்பிஎஃப் கொண்டு முயன்று பாருங்கள்.